வைப்பாற்றில் தண்ணி இல்லை, வண்டிக்கு மட்டும் ஸ்நார்க்கெல்

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. விருதுநகர் மாவட்டம். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாம் இதற்குள் அடக்கம். இங்கே மழை அதிகம் பெய்யாது என்பதை நம்பித்தான் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் வேர் பிடித்தன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். காயப் போட்டால் காய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். விருதுநகருக்குள் கௌசிகா நதி என்று ஒன்று ஓடுகிறது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் "எங்கடா?" என்று கேட்பார்கள். அந்த நதிப் பாலத்தின் மேல் நின்றுகொண்டே கேட்பார்கள் என்பதுதான் சோகம்.

இப்படிப்பட்ட ஊரில் என் பெரியப்பா மகன் தன் தார் ஜீப்புக்கு ஸ்நார்க்கெல் மாட்டினார்.

அண்ணனுக்கு சிவகாசியில் சின்னதாக ஒரு அச்சகம். லேபிள், ஸ்டிக்கர், சீசனில் காலண்டர். 2023-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் தார் வாங்கினார். வாங்கி மூன்று மாதத்துக்குள் பம்பர் மாறியது, லைட் மாறியது, கதவில் மலை, பின்னால் காம்பஸ், கண்ணாடியில் '4x4' என்று ஸ்டிக்கர்கள் வந்தன (எல்லாம் சொந்த அச்சகம், செலவில்லை). கடைசியாக வந்ததுதான் அந்தக் கறுப்புக் குழாய். பானெட் பக்கத்தில் ஃபெண்டரைக் குடைந்து, முன் கண்ணாடியின் ஓரமாக ஏறி, கூரை உயரத்தில் யானை தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வது போல நிற்கும். முதல் நாள் பரோட்டா கடைக்குப் போனபோது மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு வந்து பார்த்தார். "தம்பி, புகை ஏன் மேல போற மாதிரி வச்சிருக்கீங்க?" என்றார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் பாதிப்பேர் அதை சைலன்சர் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புகை வெளியே போகும் குழாய் இல்லை அது. காற்று உள்ளே வரும் குழாய். நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து வந்த பெயர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு டச்சுக் கடற்படை, கப்பல் தண்ணீருக்குள் இருக்கும்போதே டீசல் இன்ஜின் மூச்சு விட ஒரு குழாய் வைத்துப் பார்த்தது. 1940-ல் நெதர்லாந்து ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது அந்தக் கப்பல்களும் குழாயும் சேர்ந்தே கைமாறின. பிறகு ஜெர்மன்காரர்கள் தங்கள் யு-போட்களில் அதை மாட்டினார்கள். ஷ்னார்க்கெல் என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் மூக்கு. ஆக அண்ணன் வண்டிக்கு வைத்தது ஒரு மூக்கு. அந்த மூக்கு எதற்கு, எதற்கு இல்லை என்பதைப் பற்றித்தான் இவ்வளவும். நான் படிப்பது பி.காம், மெக்கானிக்கல் இல்லை. ஆனால் இந்த மூக்கால் ஒரு நாள் நாங்கள் செத்திருப்போம் என்பதால் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன்.

இன்ஜின் எவ்வளவு மூச்சு விடும் தெரியுமா? தார் டீசல் இன்ஜின் 2184 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் வயிறு நிறையக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் ஆயிரம் முறை. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2184 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் நூற்றுக்கு மேல், ஒரே நிமிடத்தில். டர்போ அழுத்தித் தள்ளும்போது இதைவிட அதிகம். இந்த வேகத்தில் இழுக்கிற வாய் தண்ணீருக்குள் முங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும்.

காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. டீசல் இன்ஜினில் காற்று 15-லிருந்து 20 மடங்கு வரை நசுக்கப்படுகிறது. 2184 சிசியை நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 546. நசுக்கும் விகிதம் 16 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 36 மி.லி. டீக்கடை கிளாஸில் பாதி கூட வராது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. வந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் உடையும், சில சமயம் பிளாக்கையே குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மெக்கானிக்குகள் 'ஹைட்ரோலாக்' என்பது இதைத்தான். அரை கிளாஸ் தண்ணீரில் பல லட்சம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை ஒர்க் ஷாப் வாசல்களில் வரிசையாக நின்ற கார்களில் பல, வெள்ளத்தில் நின்றதால் மட்டும் கெட்டவை அல்ல. தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் கெட்டவையும் உண்டு.

ஆக, மூக்கை உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது. இதை மறுக்கவில்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியே ஸ்நார்க்கெல் வைத்துத்தான் கொடுக்கிறது. கோவாவில் மழைக்காலத்தில் 2014-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் அது இல்லாமல் சேற்றுக் குழிக்குள் இறங்க மாட்டார்கள். என் சண்டை அவர்களோடு இல்லை.

சண்டை, மூக்கு மட்டும் மேலே இருந்தால் உடம்பு முழுக்க முங்கலாம் என்று நினைப்பதோடுதான். வண்டிக்கு மூச்சு விடும் இடம் ஒன்று மட்டும் இல்லை. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் ப்ரீதர் என்று குட்டிக் குட்டி மூச்சுத்துளைகள் உண்டு. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் அந்தத் துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். அடுத்த மாதம் திறந்து பார்த்தால் கியர் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். அந்த மூச்சுக்குழாய்களையும் உயரத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். கொஞ்சம் ஹோஸும் கிளிப்பும் போதும், வெளியே தெரியாது. வெளியே தெரியாது என்பதால் யாரும் செய்வதில்லை. பிறகு ஃப்யூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வண்டியின் மூளையான கம்ப்யூட்டர். இவை எதற்கும் ஸ்நார்க்கெல் குடை பிடிக்காது. தார் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. கூரை வரை குழாய் வைத்த பிறகும் அது 650 தான்.

இன்னொன்று மிதப்பது. இது எனக்குப் புதிதாக இருந்தது. வண்டியின் தளம் இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளத்துக்கு மேல் 10 செ.மீ ஏறினால் 375 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கிக்கொள்கிறது, உள்ளே புகும் வரை. 20 செ.மீ ஏறினால் 750 கிலோ. ஒன்றே முக்கால் டன் வண்டியில் முக்கால் டன் போனால் டயருக்குத் தரையில் பிடிமானம் எங்கே இருக்கும்? தேங்கிய தண்ணீர் என்றால் சமாளிக்கலாம். ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். 60 செ.மீ ஓடும் வெள்ளம் பெரிய எஸ்யூவியையே இழுத்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைத் துறை வருடா வருடம் எச்சரிக்கிறது. மூக்கு அப்போதும் மேலேதான் இருக்கும். அழகாக மூச்சு விட்டுக்கொண்டே வண்டி ஆற்றோடு போகும் :-)

இதெல்லாம் எனக்கு 2023 டிசம்பரில் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

அந்த டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை. எங்கள் மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில். தாமிரபரணி இரண்டு பக்கமும் ஊருக்குள் ஏறியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் ரெண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடி பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சித்தி வீட்டுக்குப் போன் போகவில்லை. நான் அப்போது பி.காம் முதலாமாண்டு. 19-ம் தேதி விடியற்காலை அண்ணன் போன் செய்தார். "கிளம்புடா. நம்ம வண்டில ஸ்நார்க்கெல் இருக்கு."

அந்த வாக்கியத்தைத்தான் இன்றைக்கு வரை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். 'நம்ம வண்டியில பிரெட் இருக்கு', 'கயிறு இருக்கு', 'பாதை தெரிஞ்ச ஆள் இருக்கார்' இப்படி எதுவும் இல்லை. ஸ்நார்க்கெல் இருக்கு.

பால் பவுடர், பிரெட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி பண்டல் (சிவகாசிக்காரன் வேறு என்ன கொண்டுபோவான்) ஏற்றிக்கொண்டு சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று போனோம். மெயின் ரோட்டில் திருப்பி விட்டார்கள். அண்ணன் மேப்பைப் பார்த்து ஒரு கிராமத்துப் பாதையில் இறக்கினார். கரிசல் காடு. ரெண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு ஓடை, குறுக்கே தரைப்பாலம், அதன் மேல் காப்பிக் கலரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் காட்டும் கல் ஒன்று ஓரத்தில் நின்றது. எண் அழிந்துபோயிருந்தது. "முட்டி அளவுதான் இருக்கும்" என்று அண்ணன் லோ கியர் போட்டார். முன் சக்கரம் தண்ணீரைத் தொட்டபோது அக்கரையில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் துண்டைச் சுழற்றிக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தோம்.

"நடுவுல பாலம் போயிருச்சுய்யா! பாலம் இல்ல!"

மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பாலம் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் கருவி எதுவும் வண்டியில் இல்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் ரிவர்ஸ் எடுத்தார். சாமான்களைக் கோவில்பட்டியில் சேகரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். சித்தி வீட்டில் எல்லோரும் மாடியில் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் பத்திரமாக வந்தார்கள். தெருவுக்குள் வந்தது ஒரு டிராக்டர் என்றார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஓடையைப் பார்த்தோம். நடுவில் ஒரு லாரி விழும் அளவுக்குக் காலியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவ ஓடியவர்கள், பார்க்க ஓடியவர்கள். எனக்கு அப்போது சின்ன வயது, வீட்டில் பெரியவர்கள் பேசிப் பேசிக் கேட்டது. உதவப் போகிறோம் என்ற எண்ணம் நம்மைச் சுற்றி ஒரு கவசம் மாதிரி நிற்கிறது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் சாம் பெல்ட்ஸ்மேன் 1975-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். காரில் சீட் பெல்ட் முதலான பாதுகாப்புச் சாதனங்களைக் கட்டாயமாக்கியதும் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் துணிச்சலாக ஓட்ட ஆரம்பிக்கிறார்கள், கிடைத்த பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதும் அதிலேயே கரைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். சீட் பெல்ட் விஷயத்தில் அவர் சொன்னது மிகை என்று பலர் மறுத்திருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. சீட் பெல்ட் போட்டவன் யாரும் "பெல்ட் இருக்கு, போய் மோதுவோம்" என்று கிளம்புவதில்லை. ஸ்நார்க்கெல்காரன் கிளம்புகிறான். பெல்ட்ஸ்மேன் தப்பான சாதனத்தை எடுத்துக்கொண்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் உச்சம். வண்டி சர்வீஸுக்குப் போனது. அண்ணன் வழக்கமாக விடும் மெக்கானிக் அண்ணாச்சி ஸ்நார்க்கெலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மாட்டியதில்லை அது. ஆன்லைனில் 9 ஆயிரத்துக்கு வாங்கி, வேறொரு கடையில் 3 ஆயிரம் கூலி கொடுத்து மாட்டியது. "இன்ஜினை ஆன் பண்ணு தம்பி" என்றார். ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டூல் போட்டு ஏறி, குழாயின் வாயை ஒரு ரப்பர் ஷீட்டால் இறுக்கி மூடினார்.

மூச்சுக்குழாயை மூடினால் என்ன ஆக வேண்டும்? இன்ஜின் திணற வேண்டும், நிற்க வேண்டும். எங்கள் இன்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி இறங்கி ஃபெண்டர் உள் கவரைக் கழற்றினார். குழாயின் அடிப்பகுதியும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பைப்பும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மாட்டியவர் சிலிகான் பூசிப் பார்த்து, அது விட்டுப்போயிருக்கிறது. கிளாம்ப் கிடையாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதை அடைக்கவோ ஒருவழி வால்வு வைக்கவோ இல்லை. ஆக எங்கள் வண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்து. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் வாய் இதைவிட மேலே இருந்தது! 12 ஆயிரம் கொடுத்து மூக்கைக் கீழே இறக்கியிருக்கிறோம். அந்தத் தரைப்பாலத்தில் பாலம் முழுசாக இருந்திருந்தாலும் நடு ஓடையில் இன்ஜின் நின்றிருக்கும்.

அந்த ரப்பர் ஷீட் சோதனையை உங்கள் நண்பர்கள் வண்டியில் செய்யச் சொல்லுங்கள். ஐடிலில் மட்டும், கையை வைத்துச் செய்ய வேண்டாம், டர்போ இன்ஜின் உறிஞ்சும் வேகம் விளையாட்டு இல்லை. சாலையில் பார்க்கும் ஸ்நார்க்கெல்களில் சில இதைவிடத் தைரியமானவை. ஃபெண்டரில் ஓட்டையே போடாமல் வெறும் டபுள் டேப்பில் ஒட்டியவை. டம்மி பீஸ் என்று சொல்லியே விற்கிறார்கள். அதையாவது நேர்மை என்று சொல்லலாம், வாங்குகிறவனுக்கு அது ஸ்டிக்கர் என்று தெரியும். பிரச்சினை, அதே வண்டியை மூன்றாவது கையில் வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மோட்டார் பாலிசியில் வெள்ளம் காப்பீட்டுக்குள் வரும் ஆபத்துதான். ஆனால் அதே பாலிசியில் தொடர் விளைவு இழப்பு, இயந்திரக் கோளாறு ஆகியவை விலக்கு. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால் அது வெள்ளம் செய்ததா நீ செய்ததா என்று சர்வேயர் கேட்பார். அதற்குத்தான் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு ஆட்-ஆன் விற்கிறார்கள், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வெளியில் வாங்கி மாட்டிய பாகங்களைப் பாலிசியில் அறிவித்து மதிப்பில் சேர்த்திருக்க வேண்டும். ஏர் பைப்பை வெட்டி வேறு குழாய் சொருகியதை நாம் சொல்லாமல் விட்டு, ஹைட்ரோலாக் க்ளெய்முக்குப் போனால் சர்வேயருக்கு அன்றைக்குத் தீபாவளி. அண்ணன் எதையும் அறிவிக்கவில்லை. "ஸ்டிக்கருக்கெல்லாமா எழுதிக் கொடுப்பாங்க?" என்றார்.

சட்டம் அடுத்தது. எங்கள் ஊருக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் 2018 அக்டோபர் 23 பட்டாசுத் தீர்ப்புதான், அதற்குப் பிறகு பேரியம், சரவெடி, பசுமைப் பட்டாசு என்று பேசாத டீக்கடை இல்லை. அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை விளக்கி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. ஸ்நார்க்கெல் பதிவுச் சான்றில் உள்ள எந்த விவரத்தை மாற்றுகிறது என்று வாதாடலாம். நடு ரோட்டில், வெயிலில், டிராஃபிக் எஸ்.ஐ.யிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

"அப்படின்னா ஊர்ல யாருக்குமே இது வேண்டாம்னு சொல்றியா?" என்று அண்ணன் கேட்டார். அங்கேதான் நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தக் குழாயை மாட்டுகிறவர்களில் பலர் ஆற்றைக் கடப்பதற்காக மட்டும் மாட்டுவதில்லை. புழுதிக்காக மாட்டுகிறார்கள். மண் பாதையில் முன்னே போகும் வண்டி கிளப்பும் தூசி, சக்கர உயரத்தில் அடர்த்தியாக இருக்கும், கூரை உயரத்தில் குறையும். மேலிருந்து மூச்சு விட்டால் ஃபில்டர் அதிக நாள் தாங்கும். இது வெளிநாட்டு ஞானமும் இல்லை. நம்ம டிராக்டரைப் பாருங்கள். பானெட்டுக்கு மேலே ஒரு குழாய், அதன் தலையில் ஒரு கிண்ணம். காற்றைச் சுழல விட்டுத் தூசியைத் தனியாகப் பிரித்து அந்தக் கிண்ணத்தில் விழ வைக்கும். அதைக் காலாகாலமாக நம் ஆட்கள் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அதற்கு ஸ்டைல் என்று பெயர் வைக்கவில்லை. சித்தி வீட்டுத் தெருவுக்குள் வந்ததும் அந்தக் குழாய் வைத்த வண்டிதானே.

கல் குவாரிப் பாதையில் தினமும் ஓடுகிறவர், காட்டுப் பாதையில் பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர் மாட்டட்டும். சரியாக கிளாம்ப் போட்டு, ஓட்டையை அடைத்து, மூடிச் சோதித்து, பாலிசியில் எழுதி. ஆனால் எங்கள் கரிசலில் மழைக்காலப் பிரச்சினை ஆழமே இல்லை. பத்து நிமிடம் தூறினால் போதும், மண் டயரோடு அப்பிக்கொண்டு வண்டி ஐஸ் மேல் நிற்பது மாதிரி நிற்கும். அதற்கு நல்ல டயரும் ஒரு மண்வெட்டியும் வேண்டும். மண்வெட்டிக்கு யாரும் லைக் போட மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

நான் உண்மையில் பயப்படுவது ஆறு, ஓடையை விட ரயில்வே சுரங்கப்பாதைகளுக்கு. ஆளில்லா லெவல் கிராசிங்குகளை ஒழிக்கிறோம் என்று நாடு முழுக்கக் கீழே தோண்டி வழி விட்டார்கள், தென் மாவட்டங்களில் எத்தனையோ இருக்கின்றன. மழை பெய்தால் அவை தொட்டி. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படி ஒரு சுரங்கப்பாதைத் தண்ணீரில் காரோடு சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். 2024 செப்டம்பரில் ஹரியானா ஃபரிதாபாத்தில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் வங்கி ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் போனது உயரமான, விலை உயர்ந்த, புது மாடல் எஸ்யூவி. இரவில் வெளிச்சத்தில் தண்ணீரின் மேல்பரப்பு மட்டும்தான் தெரியும், மூன்றடியும் எட்டடியும் ஒரே மாதிரி பளபளக்கும். உள்ளே போய் நின்றுவிட்டால் வெளித் தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்காது, மின்சாரம் போனால் கண்ணாடி இறங்காது. இதில் மூக்கு எங்கே இருந்தால் என்ன?

அண்ணன் ஸ்நார்க்கெலைக் கழற்றவில்லை. கழற்ற முடியாது, ஃபெண்டரில் ஓட்டை போட்டாயிற்று. புது ஃபெண்டர், பெயின்ட் என்று கணக்குப் பார்த்தால் குழாயை விட அதிகம். (மூழ்கிய செலவை முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்று செகண்ட் இயரில் படித்தேன். ஃபெண்டருக்குள் மழைத்தண்ணி போவது மூழ்கிய செலவில் வருமா என்று சாரிடம் கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.) மெக்கானிக் அண்ணாச்சியே சரியான ரப்பர் ஜாயின்ட் வைத்து, கிளாம்ப் போட்டு, பெட்டி அடியில் வால்வு வைத்து, ஆக்ஸில் ப்ரீதர்களையும் மேலே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். இப்போது வாயை மூடினால் இன்ஜின் நிற்கிறது.

கூடவே ஒரு மூங்கில் கம்பு வண்டியில் ஏறியது. ஆறடி இருக்கும். அடியில் இருந்து 40 செ.மீ உயரத்தில் சுற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர், சொந்த அச்சகத்தில் அடித்தது. போன நவம்பரில் ஒரு ராத்திரி மழை விட்டதும் பரோட்டா சாப்பிடக் கிளம்பினோம். வழியில் ரயில்வே சுரங்கப்பாதை. அண்ணன் மேட்டிலேயே வண்டியை நிறுத்தி, லைட்டை எரியவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்போடு ஓரமாக இறங்கினார். சரிவு முடிவதற்கு முன்பே சிவப்பு ஸ்டிக்கர் முங்கிவிட்டது. ஏறி வந்து வண்டியைத் திருப்பினார். எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். பன் பட்டர் ஜாம்தான் கிடைத்தது.